பெட்டியில் கசகசா இருக்கா? வளைகுடா கிளம்பும் சேலம், நாமக்கல் குடும்பங்கள் கவனிக்க வேண்டியவை!

மகளுக்கு மஸ்கட்டில் பிரசவம். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது. நாமக்கல் வீட்டில் இரண்டு நாளாகப் பெட்டி கட்டும் வேலை நடக்கிறது. இட்லிப் பொடி, கறிக்குழம்பு மசாலா, குருமாவுக்கு அரைக்கக் கசகசா, பிள்ளை பெற்றவளுக்குப் பிரசவ லேகியம், போட்டுப் பழகிய பரமத்தி வேலூர் வெற்றிலை ஒரு கட்டு, முட்டிவலி மாத்திரை, இருமல் டானிக், கையடக்கப் பிள்ளையார், கூடவே ஒரு பொட்டலம் விபூதி. நம்ம ஊர் அம்மாக்களின் பெட்டி எப்போதும் இப்படித்தான்.

இந்தப் பெட்டியில் குறைந்தது மூன்று பொருட்கள், இறங்கும் நாட்டைப் பொறுத்து, ஏர்போர்ட்டிலேயே சிக்கலில் மாட்டிவிடக்கூடியவை. அவற்றில் ஒன்று ஜெயில் வரைக்கும் கொண்டுபோகும். அது மாத்திரை என்று நினைத்தால் பாதிதான் சரி. இன்னொன்று கசகசா!

இஸ்லாமியக் கட்டுப்பாடுகள் நிறைந்த நாட்டுக்குப் போகிறோம் என்றதும் நம்மவர்கள் பயப்படுவது, 'என்ன டிரஸ் போடுறது, எப்படிப் பேசுறது, தப்பா ஏதாவது பண்ணிடுவோமா' என்றுதான். உண்மையில் அந்த விஷயங்களில் நாம் பெரும்பாலும் பாஸ். பிரச்னை வருவது நாம் யோசித்தே பார்க்காத இரண்டு இடங்களில். ஒன்று சூட்கேஸ், இன்னொன்று செல்போன்.

முட்டைக்கே சான்றிதழ் கேட்கும் நாடுகள்

வளைகுடா நமக்கு ஒன்றும் அந்நியமான இடம் இல்லை. ஓமான், கத்தார், யு.ஏ.இ., பஹ்ரைன் சூப்பர் மார்க்கெட்டுகளில் நாமக்கல் முட்டை விற்கிறது. குளிரூட்டிய கன்டெய்னரில் ஏறி, கடல் தாண்டிப் போகும் அந்த முட்டை சுகாதாரச் சான்றிதழ் இல்லாமல் இறங்க முடியாது. 2024 கடைசியில் கத்தார், 60 கிராமுக்குக் குறைவான முட்டை வேண்டாம் என்று கறாராகச் சொன்னபோது நாமக்கல் பண்ணைக்காரர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

முட்டையின் எடையை கிராம் கணக்கில் பார்க்கும் நாடு, மனிதர் கொண்டுவரும் பெட்டியைப் பார்க்காமல் விடுமா?

சேலம் காமலாபுரம் விமான நிலையத்திலிருந்து வெளிநாட்டுக்கு விமானம் கிடையாது. நம் பகுதி ஆட்கள் கோவை, திருச்சி, பெங்களூரு, கொச்சி, சென்னை என்று போய்த்தான் ஏறுகிறார்கள். நம்ம ஊர் பக்கம் செக்யூரிட்டியில் ஒரு பொருளை விட்டுவிட்டார்கள் என்பதாலேயே அந்தப் பக்கமும் விடுவார்கள் என்று அர்த்தமில்லை. இந்தியாவில் எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும் ஒரு பொருள், அங்கே போதைப்பொருள் பட்டியலில் இருக்கலாம்.

கசகசா: சமையலறையில் மசாலா, ஏர்போர்ட்டில் வழக்கு

கசகசா, அபின் எடுக்கும் செடியின் விதை. விதையைச் சாப்பிட்டால் போதை ஏறாது என்பது நமக்குத் தெரியும். ஆனால், அதன் மேல் மார்ஃபின் போன்ற பொருட்களின் மிச்சம் ஒட்டியிருக்கலாம். அதனால் யு.ஏ.இ., சவுதி அரேபியா, கத்தார் போன்ற நாடுகள் கசகசாவையே தடை செய்திருக்கின்றன. 'சமையலுக்குத்தான் கொண்டுவந்தேன்' என்ற விளக்கம் விசாரணை முடியும்போது உதவலாம். விசாரணை முடியும் வரை எங்கே இருப்பீர்கள் என்பதுதான் கேள்வி.

முழுக் கசகசாவை எடுத்து வெளியே வைத்துவிடலாம். கவனம் தவறுவது பொடியில்தான். வீட்டில் அரைத்த குருமா மசாலா, கறி மசாலா, சில ஊர்களில் பிரியாணி மசாலா என எல்லாவற்றிலும் கசகசா சேர்ந்திருக்கும். கடையில் வாங்கிய பாக்கெட் என்றால் பின்பக்கம் அச்சிட்டிருக்கும் பொருட்கள் பட்டியலைப் படியுங்கள். பிரசவ லேகியத்துக்கும் இதே விதிதான். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று முழுதாகத் தெரியாவிட்டால், வேண்டாம்.

நம்ம பக்கம் சிலர் ஜிகர்தண்டா, ஃபலூடாவில் போடும் சப்ஜா விதையையும் கசகசா என்றே சொல்வார்கள். அது திருநீற்றுப்பச்சிலையின் விதை. கசகசாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், பாக்கெட்டின் மேல் 'கசகசா' என்று எழுதி எடுத்துப் போனால், சுங்க அதிகாரிக்குத் திருநீற்றுப்பச்சிலை பற்றி வகுப்பெடுக்க வேண்டியிருக்கும். விட்டுவிட்டுப் போவதே நல்லது.

அடுத்தது வெற்றிலை. காவிரிக் கரையில் பரமத்தி வேலூர் கொடிக்காலில் பறித்து வரும் வெற்றிலை நமக்கு மங்கலப் பொருள். தட்டில் வைக்காமல் எந்த விசேஷமும் நடக்காது. யு.ஏ.இ. சுங்கத் துறையின் தடைப் பட்டியலில் பான் வகைகளோடு வெற்றிலையும் இருக்கிறது. மெல்லும் புகையிலை, குட்கா வகைகளுக்கு வளைகுடா நாடுகள் பலவற்றில் தடை. தாத்தா 'ஒரு பொட்டலம்தானே' என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டால், அதையும் எடுத்துவிடுங்கள்.

மாத்திரைப் பெட்டி: மறக்கக் கூடாத மூன்று பேப்பர்

வலிக்குக் கொடுக்கும் டிரமடால், இருமல் மருந்தில் இருக்கும் கோடீன், தூக்கத்துக்கோ பதற்றத்துக்கோ எடுத்துக்கொள்ளும் அல்ப்ரஸோலம், டயஸிபம் போன்றவை அங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். யு.ஏ.இ.க்குப் போகிறவர்கள் இத்தகைய மருந்துகளுக்கு அந்நாட்டு அரசிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு மாத்திரைகளைப் பொதுவாகக் கொண்டுபோகலாம். ஆனாலும் இந்த மூன்றும் கையில் இருக்கட்டும்: டாக்டர் எழுதிய சீட்டு (மருந்தின் வேதிப் பெயரோடு, ஆங்கிலத்தில்), கடை பில், எந்த நோய்க்காக என்று டாக்டர் எழுதித் தரும் ஒரு கடிதம். மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் கொட்டாதீர்கள். பயண நாட்களுக்குத் தேவையான அளவு போதும், ஆறு மாதத்துக்கான ஸ்டாக் வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம். 'எங்க பையன் அங்கதான் இருக்கான், இந்தப் பார்சலைக் கொஞ்சம் கொடுத்துடுங்க' என்று தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரும் கேட்பார்கள். முகத்துக்கு நேரே மறுக்க நம்மால் முடியாது. அப்படியென்றால் ஒரு வழிதான் இருக்கிறது. அவர்கள் எதிரிலேயே பார்சலைப் பிரித்து, ஒவ்வொரு பொருளையும் பார்த்து, நீங்களே கட்டுங்கள். பிரிக்கச் சம்மதிக்காத பார்சலைத் தொடாதீர்கள். பெட்டி யார் பெயரில் இருக்கிறதோ, வழக்கும் அவர் பெயரில்தான்.

அம்மாயி சொன்னதுதான் அங்கேயும்

இனி, எல்லாரும் பயப்படுகிற பழக்கவழக்கங்களுக்கு வரலாம். இங்கேதான் நாம் பாதிக் கிணறு ஏற்கெனவே தாண்டிவிட்டோம்.

பீச்சாங்கையில் கொடுக்காதே, வாங்காதே, சாப்பிடாதே என்று அம்மாயி சொல்லித்தான் நாம் வளர்ந்தோம். அரபு நாடுகளிலும் வலது கைதான். வீட்டுக்குள் செருப்போடு நுழையாதே. அங்கேயும் அதேதான். பெரியவர் வந்தால் எழுந்து நில். அங்கேயும் அதேதான். பெரியவர் முன்னால் காலை நீட்டாதே. அரபு வீட்டின் மஜ்லிஸ் என்ற வரவேற்பறையில் தரை விரிப்பில் உட்காரும்போது, உள்ளங்கால் யாரையும் பார்த்திருக்கக் கூடாது. ஐரோப்பாவிலிருந்து வருகிற பயணிகளுக்கு இதையெல்லாம் கையேடு போட்டுச் சொல்லித்தர வேண்டும். நமக்கு வேண்டாம்.

வேறுபடும் இடங்களை மட்டும் தெரிந்துகொண்டால் போதும்.

கைகுலுக்குவது முதல் வேறுபாடு. ஆணும் ஆணும் கைகுலுக்கலாம். எதிரில் இருப்பவர் பெண் என்றால், அவர் கையை நீட்டினால் மட்டுமே நீங்கள் நீட்ட வேண்டும். இல்லையென்றால் நெஞ்சின் மேல் வலது கையை வைத்து லேசாகத் தலை அசைத்தாலே மரியாதைதான். நம் வீட்டுப் பெண்களுக்கும் இதே வசதி உண்டு. கைகுலுக்க விருப்பமில்லை என்றால் நெஞ்சில் கை வைத்தால் போதும், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

குடும்பத்தைப் பற்றி விசாரிப்பது இரண்டாவது. நம் ஊரில் 'வீட்டுல நல்லா இருக்காங்களா, பொண்ணு என்ன படிக்குது' என்று கேட்பது அன்பு. அரபு ஆணிடம் அவர் மனைவியையோ மகளையோ தனியாகக் குறிப்பிட்டு விசாரிப்பதைப் பலர் விரும்புவதில்லை. 'குடும்பத்தார் எல்லாரும் சுகமா?' என்று பொதுவாகக் கேளுங்கள். சந்தோஷமாகப் பதில் வரும், உங்கள் குடும்பத்தையும் நலம் கேட்பார்கள்.

மூன்றாவது, காபி. 'கஹ்வா' என்ற அரபுக் காபி, ஏலக்காய் வாசத்தோடு, கைப்பிடி இல்லாத சின்னக் கோப்பையில் பேரீச்சம்பழத்தோடு வரும். வலது கையால் வாங்குங்கள். வேண்டாம் என்று முதல் கோப்பையையே மறுப்பது விருந்தாளிக்கு அழகல்ல. காலியான கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஊற்றுவார்கள், மறுபடியும் ஊற்றுவார்கள். நம்மவர்கள் 'போதுங்க, போதுங்க' என்று சொன்னாலும் நிற்காது. போதும் என்பதற்கு அங்கே ஒரு சைகை உண்டு. காலிக் கோப்பையை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக் கொடுத்தால் போதும். இலையை மடித்தால் பரிமாறுபவர் நகர்ந்துவிடுவது போலத்தான் இதுவும்.

நான்காவது, விரல்களைக் குவித்து மேலே காட்டும் சைகை. கடைக்காரரோ டிரைவரோ அப்படிக் காட்டினால் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். 'கொஞ்சம் பொறு' என்று அர்த்தம்.

ஐந்தாவது, பொருளைப் பாராட்டுவது. ஒரு வீட்டில் கண்ணில் பட்ட அழகான பொருளை 'அட, ரொம்ப நல்லா இருக்கே' என்று திரும்பத் திரும்பச் சொன்னால், அதை எடுத்து உங்கள் கையில் கொடுத்துவிடுவார்கள். விருந்தோம்பல் அப்படி. குழந்தையைப் பாராட்டினால் கூடவே 'மாஷா அல்லாஹ்' சொல்வது வழக்கம். கண்ணு பட்டுடும் என்ற பயம் அங்கேயும் உண்டு!

சேலை, சுடிதார், பொட்டு

'அங்க போனா பர்தா போடணுமா?' என்பது எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி. யு.ஏ.இ., ஓமான், கத்தார், பஹ்ரைன், குவைத் என எங்கும் வெளிநாட்டுப் பெண்கள் அபாயா அணிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சவுதி, 2019 செப்டம்பரில் சுற்றுலா விசாவைத் திறந்தபோது, வெளிநாட்டுப் பெண்களுக்கு அபாயா கட்டாயமில்லை, கண்ணியமான உடை போதும் என்று அறிவித்தது.

தோளும் முட்டியும் மறையும் உடை என்பதே பொதுவான கணக்கு. சுடிதாரும் துப்பட்டாவும் எங்கேயும் பொருந்தும். சேலை கட்டலாம். இடுப்பு தெரியாமல் முந்தானையை இழுத்துப் பின் குத்திக்கொண்டால் போதும். பொட்டு, பூ, தாலி எதையும் எடுக்கத் தேவையில்லை. ஆண்கள் கைலி, பனியனை வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள். மாலுக்கும் அரசு அலுவலகத்துக்கும் முழு பேன்ட்தான் சரி.

பள்ளிவாசலுக்குச் சுற்றிப் பார்க்கப் போனால் விதி கூடும். மஸ்கட்டில் 2001-ல் திறக்கப்பட்ட சுல்தான் காபூஸ் பெரிய பள்ளிவாசலில், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு வெள்ளி தவிர மற்ற நாட்களில் காலை 8 மணியிலிருந்து 11 மணி வரை அனுமதி. பெண்கள் தலைமுடி, மணிக்கட்டு, கணுக்கால் வரை மறைத்திருக்க வேண்டும். பிரதானத் தொழுகைக் கூடத்துக்குள் பத்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளை விடமாட்டார்கள். அங்கே விரித்திருக்கும் கைநெசவுக் கம்பளத்தின் எடை 21 டன். சேலத்துக்காரர்களுக்குத் தறியின் அருமை சொல்லியா தெரிய வேண்டும், அதற்காகவே போய்ப் பார்க்கலாம். அபுதாபியில் 2007-ல் திறக்கப்பட்ட ஷேக் சயீத் பெரிய பள்ளிவாசலும் எல்லா மதத்தவருக்கும் திறந்திருக்கிறது, கட்டணம் இல்லை, ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும்.

தொழுதுகொண்டிருப்பவருக்கு முன்னால் குறுக்கே நடக்காதீர்கள். அங்கே இருக்கும் குர்ஆனைத் தரையில் வைக்காதீர்கள். சவுதியில் மெக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. சாலையில் அதற்கான பெயர்ப்பலகை இருக்கும். டிரைவர் வேலைக்குப் போகிறவர்கள் இந்தப் பலகையை அவசியம் கவனிக்க வேண்டும்.

நம்ம சாமி கும்பிடலாமா?

மனதுக்குள் இருக்கும் கேள்வி இது. பதில் நாட்டுக்கு நாடு மாறும். மஸ்கட்டில் பழைய சிவன் கோயில் இருக்கிறது. 2018-ல் பிரதமர் மோடி அங்கே போய் வழிபட்டார். பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் ஸ்ரீநாத்ஜி கோயில் இருக்கிறது. துபாய் ஜெபல் அலியில் 2022 அக்டோபரில் புதிய இந்துக் கோயில் திறந்தார்கள். அபுதாபியில் 2024 பிப்ரவரி 14 அன்று பெரிய கற்கோயிலே திறக்கப்பட்டது.

சவுதியில் மாற்று மதக் கோயில்கள் கிடையாது. வீட்டுக்குள் அமைதியாகக் கும்பிடலாம், வெளியே தெரியும்படி வழிபாடு கூடாது. பிள்ளையார் சிலையைப் பெட்டியில் வைப்பதற்கு முன், போகும் நாட்டின் சுங்க விதியை ஒருமுறை பாருங்கள்.

இதில் பலரும் மறக்கும் நாடு மாலத்தீவு. நாமக்கல் முட்டை போகும் நாடுதான். ஹனிமூனுக்கு நம்மவர்கள் விரும்பும் இடமும்கூட. ஆனால், அது முழு இஸ்லாமிய நாடு. வழிபாட்டுச் சிலைகள், மது, பன்றி இறைச்சி கொண்டுவரத் தடை. டியூட்டி ஃப்ரீயில் வாங்கிய பாட்டிலை ஏர்போர்ட்டில் வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரிசார்ட் தீவில் எந்த நீச்சல் உடையும் பிரச்னை இல்லை. ஊர்மக்கள் வாழும் தீவில் அதற்கென்று ஒதுக்கிய கடற்கரையில் மட்டும்தான்.

மது விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை. துபாயில் கிடைக்கிறதே என்று எல்லா இடத்திலும் ஒரே கணக்குப் போடாதீர்கள். கோவையிலிருந்து நேரடி விமானம் இறங்கும் ஷார்ஜா, அதே யு.ஏ.இ.க்குள் இருந்தாலும் முழு மதுவிலக்கு உள்ள பகுதி. குவைத்தில் மதுவுக்கு முழுத் தடை. கத்தாருக்குள் ஒரு பாட்டில்கூடக் கொண்டுபோக முடியாது.

நோன்பு மாதத்தில் போனால்...

ரமலான் மாதம் ஒவ்வோர் ஆண்டும் சுமார் 11 நாட்கள் முன்னால் நகர்ந்துகொண்டே வரும். டிக்கெட் போடும் முன் காலண்டரைப் பாருங்கள். நோன்பு மாதத்தில் பகல் நேரத்தில் பொது இடத்தில் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, புகைபிடிப்பது கூடாது. குவைத்தில் 1968-லேயே இதற்குத் தனிச் சட்டம் போட்டார்கள். 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை. ஓமானிலும் இது தண்டனைக்குரியது. துபாய் 2021-ல் விதியைத் தளர்த்தி, உணவகங்கள் பகலில் திரை போட்டு மறைக்கத் தேவையில்லை என்று சொல்லிவிட்டது. ஆனாலும் நோன்பிருக்கும் ஒருவர் எதிரில் நின்று பஜ்ஜி சாப்பிட நமக்கே மனசு வராது.

வெயிலில் தாகம் எடுத்தால் வீட்டுக்குள்ளோ ஹோட்டல் அறைக்குள்ளோ குடிக்கலாம். சர்க்கரை நோயாளிகள், குழந்தைகளோடு போகிறவர்கள் பகல் நேர அலைச்சலைக் குறைத்துக்கொள்வது நல்லது. நோன்பு திறக்கும் நேரத்தில் யாராவது இஃப்தாருக்கு அழைத்தால் மறுக்காமல் போங்கள். பல பள்ளிவாசல்களில் வருகிறவர் யார், எந்த மதம் என்று கேட்காமல் உணவு கொடுப்பார்கள்.

வார விடுமுறையும் மாறும். சவுதி, ஓமான், கத்தார், குவைத், பஹ்ரைனில் வெள்ளி, சனி. யு.ஏ.இ. 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு என்று மாற்றி, வெள்ளி அரைநாள் வேலை வைத்திருக்கிறது. வெள்ளி நண்பகல் தொழுகை நேரத்தில் யாரையும் போனில் தொந்தரவு செய்யாதீர்கள்.

கையில் இருக்கும் போன்தான் பெரிய ஆபத்து

பெட்டியில் எல்லாவற்றையும் சரிபார்த்தாயிற்று. பழக்கவழக்கமும் தெரிந்தாயிற்று. இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது, நம் கையிலேயே.

நம் ஊரில் சண்டை நடந்தால் முதலில் வெளியே வருவது செல்போன் கேமராதான். யு.ஏ.இ.யில் 2021-ல் வந்த இணையக் குற்றச் சட்டப்படி, ஒருவரின் அனுமதியில்லாமல் படமெடுத்து அவரது தனியுரிமையைக் கெடுத்தால் குறைந்தது ஆறு மாதச் சிறை, ஒன்றரை லட்சம் முதல் ஐந்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் விதிக்க முடியும். பெண்கள், அடுத்தவர் குழந்தைகள், விபத்து நடந்த இடம், போலீஸ், ராணுவம், அரண்மனை, ஏர்போர்ட்டின் பாதுகாப்புப் பகுதி என எதையும் படம் எடுக்காதீர்கள். ரீல்ஸ் எடுப்பதாக இருந்தால் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்துவிட்டு எடுங்கள்.

வாட்ஸ்அப்பில் ஒருவரைத் திட்டுவதும் அங்கே குற்றம்தான். பணத் தகராறில் கோபமாக அனுப்பிய ஒரு வாய்ஸ் மெசேஜ் கோர்ட்டில் சாட்சியாகலாம். அந்நாட்டு ஆட்சியாளரையோ மதத்தையோ கிண்டல் செய்யும் மீம்ஸ், ஃபார்வர்டு எதுவும் வேண்டாம். ஊரில் குடும்ப குரூப்பில் வந்ததை அப்படியே தள்ளிவிடும் பழக்கம் உள்ளவர்கள், விமானம் ஏறும்போதே அதை நிறுத்திவிடுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வசூல், ஆபரேஷனுக்கு உதவி என்று நல்ல எண்ணத்தில் பணம் திரட்டுவதற்கும் யு.ஏ.இ.யில் உரிமம் வேண்டும். அங்கே இருந்துகொண்டு அப்படிப்பட்ட வசூல் செய்தியைப் பரப்பினால் சட்டச் சிக்கல்.

சாலையிலும் கவனம் வேண்டும். ஓவர்டேக் செய்தவரைப் பார்த்து விரலைக் காட்டினால் வழக்கு, அபராதம், நாடு கடத்தல் வரை போகலாம். சவுதியில் 2019-ல் வந்த பொது ஒழுக்க விதிகள் 19 குற்றங்களைப் பட்டியலிடுகின்றன. அபராதம் 50 ரியாலில் தொடங்கி 6,000 ரியால் வரை. அந்தப் பட்டியலில் என்னென்ன இருக்கின்றன தெரியுமா? குப்பை போடுவது, எச்சில் துப்புவது, வரிசையில் முந்துவது, அனுமதியில்லாமல் பிறரைப் படமெடுப்பது, தொழுகை நேரத்தில் பாட்டுப் போடுவது. புதிய பஸ் ஸ்டாண்டில் ஒரு மணி நேரம் நின்றால் இதில் எத்தனை நடக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்!

தவறு நடந்துவிட்டால்?

பழக்கத்தில் தவறு செய்தால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. இடது கையை நீட்டிவிட்டால், கோப்பையை ஆட்ட மறந்துவிட்டால், 'ஆஃப்வான்' என்று சொல்லிச் சிரித்தால் அவர்களும் சிரிப்பார்கள். மன்னிக்கணும் என்று அர்த்தம். 'ஷுக்ரன்' என்றால் நன்றி. 'அஸ்ஸலாமு அலைக்கும்' என்று சொல்லி ஆரம்பித்தால் பாதிக் கதவு திறந்துவிடும்.

சட்டம் அப்படியில்லை. தெரியாமல் செய்தேன் என்பது அங்கே பதிலாகாது. விசாரணை என்று வந்தால் பதற்றப்பட்டு வாதாடாதீர்கள். அரபியில் எழுதிய காகிதத்தில், என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்று பணிவாகவும் உறுதியாகவும் கேளுங்கள். ஊரில் இருக்கும் குடும்பத்தினர் மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையையும் அணுகலாம். பாஸ்போர்ட், விசா நகல்களை ஊரிலும் ஒரு செட் வைத்துவிட்டுப் போனால் இந்த வேலையெல்லாம் சுலபம்.

கிளம்பும் முன் ஒரு நிமிடம்!

* கசகசா, கசகசா சேர்த்த மசாலா, வெற்றிலை, புகையிலை எல்லாம் வெளியே.
* மாத்திரை அட்டையோடு, டாக்டர் சீட்டு, பில், கடிதம் ஒரே கவரில்.
* அடுத்தவர் பார்சல், பிரித்துப் பார்த்த பிறகு மட்டும்.
* கைப்பையில் ஒரு துப்பட்டா எப்போதும்.
* நோன்பு மாதமா, வெள்ளிக்கிழமையா என்று காலண்டரில் ஒரு பார்வை.
* தூதரகத்தின் எண் போனிலும், ஒரு தாளிலும்.
* போகும் நாட்டின் சுங்கத் துறை இணையதளத்தில் தடைப் பட்டியலை ஒருமுறை பாருங்கள். விதிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன.

இத்தனையும் படித்துவிட்டுப் பயம் வந்தால், ஒரு எளிய வழி இருக்கிறது. சேலம் கோட்டைப் பகுதியில் மாரியம்மன் கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஜாமியா மசூதி இருக்கிறது. இப்படி நம் ஊர்களில் எல்லாம் இரண்டு தெரு தள்ளி ஒரு பாய் வீடு இருக்கும், அந்த வீட்டிலிருந்து யாராவது ஒருவர் வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியிருப்பார். கிளம்புவதற்கு முன் ஒரு மாலை அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வாருங்கள். சலாம் எப்படிச் சொல்வது, சாப்பாட்டில் எப்படி உட்காருவது என்று எல்லாம் சொல்லித் தருவார்கள். டீயும் பிஸ்கட்டும் நிச்சயம்.

பிறகு வீட்டுக்கு வந்து, பெட்டியை இன்னொரு முறை திறந்து பாருங்கள். குருமா மசாலா டப்பாவை மட்டும் மறக்காமல் எடுத்து வெளியே வைத்துவிடுங்கள். மகளுக்கு மஸ்கட்டிலேயே மசாலா கிடைக்கும். அம்மா பத்திரமாக வந்து சேர்ந்தால் போதும்.